கானாடுகாத்தான் மாளிகைகள்: ஒரு திறனாய்வு

நூலொன்றை மதிப்பிடப் புகுவோன் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். அது கூறும் பொருள் யாது? அதனை எவ்வண்ணம் கூறுகின்றது? கூறாது விட்டது யாது? இவை கட்டடங்களுக்கும் பொருந்துவனவே. ஆயின், விடுமுறைக் காலத்தில் பழைய மாளிகைகளைக் காணச் செல்வோரிற் பெரும்பாலார் முதலிரு வினாக்களோடு அமைந்துவிடுகின்றனர். மூன்றாவது வினாவை எழுப்பிப் பார்த்தற்கு ஏற்ற இடம் செட்டிநாடு ஆகும்.

மதுரைக்கும் இராமேசுவரத்துக்கும் யாத்திரை செல்லும் நம்மவர் காரைக்குடிக்கு அண்மையிலுள்ள கானாடுகாத்தானையும் எளிதிற் காணலாம். இராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனை இங்குளது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றன.

இம்மாளிகைகளின் அமைப்பு ஒழுங்குடையது. திண்ணையும் முகப்பும் கடந்து உட்புகுந்தால், வானத்தை நோக்கித் திறந்த முற்றத்தைச் சூழ்ந்து வளவு அமையும். அதற்கப்பால் இரண்டாங்கட்டு, அடுக்களை என ஒரே நேர்கோட்டிற் செல்லும். முன்வாயிலில் நிற்போன் பின்வாயிலைக் காணலாம். கூரைகள் முற்றத்தை நோக்கிச் சாய்தலால் மழைநீர் வீணாகாது; காற்றும் ஒளியும் தடையின்றிப் புகும். மணமான மகன் ஒவ்வொருவனும் தனிப் 'புள்ளி'யாகக் கணக்கிடப்பட்டு, வளவைச் சூழ்ந்த அறைகளிற் பங்கு பெறுவான். வெப்பம் மிக்க வறண்ட நிலத்தையும் கூட்டுக்குடும்ப வாழ்வையும் ஒருங்கே எண்ணிச் செய்த அமைப்பு இது.

முகப்பைப் பற்றி அவ்வாறு புகழ்தல் இயலாது. கஜலட்சுமியின் அருகே ஆங்கிலச் சிப்பாய். மேலைநாட்டுத் தூண்களுக்கிடையே கோபுரப் பொம்மை. இவை தெருவில் நிற்போனுக்குச் செல்வத்தை அறிவிப்பன. வீட்டில் வாழ்வோனுக்குப் பயன்படுவன அல்ல. வளவு வாழ்வதற்கெனக் கட்டப்பட்டது. முகப்போ காட்டுவதற்கெனக் கட்டப்பட்டது. கலைச்சிறப்பு வளவின்பாலதே என்பது எமது துணிபு.

இனி மூன்றாவது வினாவுக்கு வருவோம். வளவைத் தாங்கும் தூண்கள் பர்மாத் தேக்கு. இலங்கை முதிரையும் இவ்வீடுகளிற் பயன்பட்டது. நம் மாவட்டத்துக் காடுகளிலும் வளரும் அதே மரம். மரம் வந்த வழியை வழிகாட்டுவோர் பெருமையுடன் கூறுவர். அம்மரத்தை வாங்கிய பணம் வந்த வழியை எவரும் கூறார்.

அது பெரிதும் வட்டித் தொழிலால் வந்தது. ஆங்கில வங்கிகள் பர்மா உழவனுக்கு நேரே கடன் கொடுக்கவில்லை. அவை செட்டியாருக்குக் கொடுத்தன. செட்டியார் நிலத்தை ஈடாகப் பெற்று உழவனுக்குக் கொடுத்தார். காடும் சதுப்புமாய்க் கிடந்த ஐராவதிக் கழிமுகம் உலகின் பெரும் நெற்களஞ்சியமானதில் அக்கடனுக்குச் சிறந்த பங்குண்டு. 1930 ஆம் ஆண்டளவில் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தால் நெல்விலை வீழ்ந்தது. உழவரால் கடனை இறுக்க இயலவில்லை. ஈட்டு நிலங்கள் கடன் கொடுத்தோர் கைக்கு மாறின. கீழ்ப்பர்மாவின் தலைமையான நெல் மாவட்டங்களில் 1930 இல் நூற்றுக்கு 6 பங்கு நிலமே செட்டியார்களிடம் இருந்தது. 1938 இல் அது 25 பங்காயிற்று. வணிகராகச் சென்றோர், தாம் விரும்பாமலே, கடல் கடந்த நிலக்கிழாராயினர். பர்மிய உழவனோ தன் வயலிலே குத்தகைக்காரன் ஆனான்.

அந்நிலமும் நிலைக்கவில்லை. 1942 இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். 1948 இல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசவுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. செட்டிநாட்டில் பல வீடுகள் பூட்டப்பட்டன. சில பிரிக்கப்பட்டு, அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலைப்பட்டன.

இவற்றைக் கூறுதல் ஒரு சமூகத்தைப் பழிப்பதற்கன்று. பழிப்பது எளிது, நாம் அதற்குப் புறம்பானோரும் அல்லோம். அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் 1929 இல் சிதம்பரத்திற் பல்கலைக்கழகம் எழுந்தது. அதன் முதற் றமிழ்ப் பேராசிரியராக 1931 இல் அமர்ந்தவர், திருக்கோணமலை இந்துக் கல்லூரியின் வளர்ச்சிக்கு உழைத்த விபுலாநந்த அடிகளே. ஈழத்து மாணவர் பலர் அங்குக் கற்றுத் திரும்பி நம் பள்ளிகளில் ஆசிரியராயினர். வட்டியாய் ஈட்டிய செல்வத்தில் ஒரு பகுதி தமிழ்க் கல்வியாகி நம்மையும் வந்தடைந்தது. ஐராவதிக் கரையில் நிலம் இழந்தவனின் உழைப்பும் அக்கல்வியிற் கலந்துளது என்பதை மறுத்தல் இயலாது.

தமிழிற் 'கடன்' என்னும் சொல்லுக்குப் பெற்ற பொருள் என்றும், செய்யவேண்டிய கடமை என்றும் இருபொருள் உண்டு. பெற்றதை எண்ணாதவனுக்குச் செய்யவேண்டியது விளங்காது. ஆகவே, வரும் விடுமுறையிற் கானாடுகாத்தான் செல்லும் மாணவர் அத்தூண்களின் அழகை மனமார வியக்கட்டும். வியந்தபின், தூணை நிறுத்திய தச்சனையும், அதன் விலைக்கு நெல் விளைத்த உழவனையும் ஒருகணம் நினைக்கட்டும். அவ்வாறு நினைப்போர்க்கே அம்மாளிகை முழுமையாக விளங்கும்.