இரத்தமோ, வளர்ப்போ? – கைரேகைச் சட்டம் நம் முன் வைக்கும் வினா

மனிதனை ஆக்குவது பிறப்பா, வளர்ப்பா என்னும் வினா உளவியல் நூல்களில் நெடுங்காலமாக வழக்காடப்பட்டு வருகிறது. நம் மக்களும் இதனை அறியாதவர் அல்லர். 'மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?' என்னும் பழமொழி பிறப்பின் பக்கம் பேசும். 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பது வளர்ப்பின் பக்கம் பேசும். தொண்டிக் கடற்கரையில் தகப்பனோடு கடலுக்குச் சென்று காற்றின் போக்கை அறிந்துகொள்ளும் சிறுவனைக் குறித்து இரண்டையும் ஒருசேரச் சொல்லலாம்.

மேல்நாட்டில் பிரான்சிஸ் கால்டன் 1874இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இவ்விரு சொற்களையும் எதிரெதிராக நிறுத்தினார்; அவர் சாய்ந்தது பிறப்பின் பக்கம். 1920களில் அமெரிக்கரான ஜான் வாட்சன், நலமுள்ள குழந்தைகளைத் தம்மிடம் ஒப்படைத்தால் எத்தொழிலுக்கும் ஏற்றவராக ஆக்கிக் காட்ட முடியும் என்றார். நம் மாணவர் பலர் 'இரண்டும் சேர்ந்தே மனிதனை உருவாக்குகின்றன' என்று எழுதித் தேர்வை முடிப்பர். விடை பிழையன்று, ஆனால், திருப்பணியாளர் அதனோடு நின்றுவிடலாகாது என்பதே நம் கருத்து.

2015இல் வெளியான ஓர் ஆய்வு, இரட்டையரைக் குறித்து ஐம்பது ஆண்டுகளில் வந்த 2,748 ஆய்வுரைகளைத் தொகுத்து, மனிதப் பண்புகளில் காணும் வேறுபாடுகளில் சராசரியாக 49 விழுக்காடு மரபுவழியோடு தொடர்புடையது எனக் கணித்தது. ஒரு மனிதனில் பாதி இரத்தம், பாதி வளர்ப்பு என்பது இதன் பொருளன்று. இது ஒரு மக்கள்தொகுதியில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைப் பற்றிய கணக்கு. தனி ஒருவரின் ஒழுக்கத்தையோ, ஒரு குலத்தாரின் குணத்தையோ இதைக்கொண்டு அளக்க இயலாது.

ஆயினும் அவ்வாறு அளந்த சட்டம் ஒன்று இந்நாட்டில் இருந்தது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், தச்சன் மகன் தச்சனாவதுபோலக் குற்றவாளியின் மகன் குற்றவாளியாவான் என்னும் எண்ணத்தின்மீது எழுந்தது. 1911இல் அது திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. மதுரைச் சீமையின் பிரமலைக் கள்ளர்மீதும், பின்னர் தொண்டிக்குத் தென்மேற்கே முதுகுளத்தூர், கமுதிப் பகுதிகளில் வாழ்ந்த ஆப்பநாட்டு மறவர்மீதும் அது பாய்ந்தது. மக்கள் அதற்கு இட்ட பெயர் கைரேகைச் சட்டம். குற்றம் செய்யாதவரும் விரல் பதிக்க வேண்டும். இரவில் காவலர் கண்முன் இருக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் இதனை எதிர்த்தோர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பெண் ஒருவர் உட்படப் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் இச்சட்டம் ஒழிந்தது.

இரத்தக் கொள்கையின் கொடுமை இதுவென்றால், வளர்ப்புக் கொள்கை மக்களை விடுவித்ததா? இங்கேதான் திருச்சபை தன்னைச் சோதித்தறிய வேண்டும். இரட்சணிய சேனையின் பூத் டக்கர், இம்மக்கள் மாறக்கூடியவர் என்று உறுதியாக நம்பினார். பிறவிக் குற்றவாளி என்று பலரும் பேசிய நாளில் அது துணிவான நம்பிக்கையே. ஆனால், அப்பணியை விளக்கிய நூலுக்கு அவர் இட்ட பெயர் 'கிரிமினோக்யூராலஜி'. அதாவது, குற்றவாளியைக் குணமாக்கும் கலை. நோயாளி யார் என்பதை அவருக்கு முன்னரே அரசின் பதிவேடு முடிவு செய்திருந்தது! குண்டூர்ப் பகுதியின் ஸ்டூவர்ட்புரம் போன்ற குடியிருப்புகளில் தொழிலும் கல்வியும் கிடைத்தன. கூடவே வருகைப் பதிவும் வெளியே செல்ல அனுமதிச் சீட்டும் இருந்தன. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்கவும் 1911ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. இதுவும் வளர்ப்பின் பெயராலேயே செய்யப்பட்டது.

ஆக, எதிரிகளெனத் தோன்றும் இரு கொள்கைகளும் ஓரிடத்தில் கைகோத்தன. ஒன்றுக்கு மனிதன் இரத்தத்தின் விளைவு. மற்றொன்றுக்குப் பழக்கத்தின் விளைவு. அவன் பதில் சொல்லத்தக்கவன் என்பதை இரண்டுமே மறந்தன. ஆகவே, அவனிடம் ஒன்றையும் கேளாமல் அவனைக் குறித்துத் தீர்ப்பளித்தன.

திருமறை இவ்வினாவை வேறு வகையில் எதிர்கொள்கிறது. தகப்பன் செய்த பாவத்தை மகன்மேல் சுமத்தும் பழமொழியை எசேக்கியேல் பதினெட்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் தடை செய்கிறார். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் கண்ட சீடர், பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவரா என வினவுகின்றனர். ஆண்டவர் இரண்டையும் மறுக்கிறார். பார்வை பெற்றவனோ, அவ்வதிகாரம் முடியுமுன் பரிசேயர் முன் நின்று தானே பேசுகிறான். ஜென்மபாவக் கோட்பாட்டைக் கற்பிக்கும் நாமும் இதனை நினைவில் கொள்ள வேண்டும். அக்கோட்பாடு மனுக்குலம் முழுவதையும் ஒரே வரிசையில் நிறுத்துவது. ஒரு குலத்தைப் பிரித்தெடுத்துக் குற்றஞ்சாட்ட அது ஒருபோதும் உதவாது.

தொண்டிக்கு அண்மையிலுள்ள ஓரியூரும் இதற்குச் சான்று. 1693இல் அங்கே ஜான் டி பிரிட்டோ என்னும் ரோமன் கத்தோலிக்கக் குரு கொலையுண்டார். அவரைத் தண்டித்த கிழவன் சேதுபதி மறவர். அவரிடம் திருமுழுக்குப் பெற்ற தடியத் தேவரும் மறவர் அரச குலத்தவரே. குலம் ஒன்று, சீமை ஒன்று, பதில்கள் இரண்டு.

சட்டம் ஒழிந்தும் அதன் எண்ணம் ஒழியவில்லை. 2024 அக்டோபர் 3ஆம் நாள், சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளைத் தள்ளிய உச்ச நீதிமன்றம், சீர்மரபினரைப் பிறவியிலேயே குற்றஞ்செய்பவராகக் கருதும் போக்கையும் கண்டித்தது. நம் சபைகளிலோ, திருமணப் பேச்சிலும் பள்ளிச் சேர்க்கையிலும் 'அந்தக் குடும்பத்துப் பிள்ளைதானே' என்னும் சொல் இன்னும் கேட்கிறது. 'அந்தத் தெருவில் வளர்ந்தவன்தானே' என்பது அதன் படித்த வடிவம். இவ்விரு சொற்களும் நம் நாவில் எழும்போதெல்லாம், அப்பிள்ளையை அருகில் அழைத்து அவன் சொல்வதைக் கேட்போமாக. ஆயரின் பணி அங்கேதான் தொடங்குகிறது.