சப்ஃபிரேம் போல்ட்டுகளின் காப்பு: துருவும் உராய்வும்

1959இல் விற்பனைக்கு வந்த பிரித்தானியக் காரான மினியில் எஞ்சினும் முன்சக்கரங்களும் ஒரு சப்ஃபிரேமிலும் பின்சக்கரங்கள் மற்றொன்றிலும் அமைந்துள்ளன. சப்ஃபிரேம் என்பது சக்கரங்களின் சுமையை ஏற்று, போல்ட்டுகளால் உடற்கூட்டோடு பிணைக்கப்படும் தனிச் சட்டகம். பனியை உருக்கச் சாலைகளில் தூவப்படும் உப்பு நீரோடு கலந்து பின்சட்டகத்தின் உட்குழிவுகளில் தேங்கி அதை அரிப்பதையும், கழற்ற முனைகையில் துருவேறிய போல்ட்டுகள் முறிவதையும் மினியைப் புதுப்பிப்போர் நன்கறிவர். ஆகவே மறுபடி பொருத்தும்போது போல்ட்டின் மரைகளில், அதாவது சுருளாக ஓடும் அதன் பள்ளங்களில், செம்புத்தூள் கலந்த கிரீஸைத் தாராளமாகப் பூசும் வழக்கம் பரவலாக உள்ளது.

நீர் புகும் இடைவெளியை அடைத்து, பல ஆண்டுகளுக்குப் பின்னும் போல்ட்டைக் கழற்றத்தக்கதாக வைத்திருப்பதால் இவ்வழக்கத்தின் நோக்கம் குறைசொல்லத்தக்கதன்று. எனினும் அது போல்ட்டைத் துருப்பிடிக்கும் பொருளாக மட்டுமே பார்க்கிறது. போல்ட்டின் பணியோ, இறுக்கப்படுகையில் சற்றே நீண்டு, அந்த இழுவிசையால் இரு பகுதிகளையும் நெருக்கிப் பிடிப்பது. ஸ்பானரில் செலுத்தும் முறுக்குவிசையில் ஏறத்தாழ 10 விழுக்காடே இழுவிசையாகிறது. எஞ்சிய 90 விழுக்காடும் போல்ட்டின் தலைக்கு அடியிலும் மரைகளிலும் உராய்வில் கழிகிறது. உராய்வின் பங்கு 80 ஆகக் குறைந்தாலே அதே முறுக்கில் இழுவிசை இரு மடங்காகிவிடும். உலர்ந்த மரைக்கெனக் கையேடு தரும் அளவை, கிரீஸ் பூசிய மரைக்கும் மாற்றாமல் கையாள்பவர், போல்ட்டைக் காப்பதாக எண்ணியே அதை மீளா நீட்சிக்கு உள்ளாக்கக்கூடும்.

இதனினும் கவனிக்கப்படாத கேடு, சட்டகத்துக்குப் பூசப்படும் பவுடர் கோட்டிங்கில் உள்ளது. இணைப்பு முகங்களில் தடிப்பாகப் படிந்த பூச்சு நெருக்குதலில் மெல்ல நசுங்க, அந்த அளவுக்குப் போல்ட்டின் நீட்சி குறைந்து இறுக்கம் தானே தளர்கிறது. அம்முகங்களை மறைத்துவிட்டுப் பூசுவது சிறிது நேர வேலைதான். பளபளப்பில் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இதற்குத் தராத பட்டறைகளை நியாயப்படுத்துவது கடினம். போல்ட்டுகளுக்கோ, தான் அரிபட்டு எஃகைக் காக்கும் துத்தநாக முலாம் நல்ல தேர்வே. ஆயினும் மின்முலாமிடுகையில் நுழையும் ஹைட்ரஜன் மிகு வலிமைப் போல்ட்டுகளை நொறுங்கச் செய்யக்கூடுமாதலால், அவற்றை முலாமிட்ட உடனே சூளையில் வாட்டவேண்டும்.

இறுக்கிய பின்னர் வெளியிலிருந்து மெழுகு பூசும் முறை, உராய்வில் தலையிடாமல் துருவைத் தடுப்பதால், பெரும்பாலான போல்ட்டுகளுக்கு மேலானது. ஆனால் மூடிய பெட்டிப் பகுதிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் நுனியை வெளிப்பூச்சு எட்டாது. அங்கு நீண்ட குழல்வழி உட்புறமாகவே மெழுகைத் தெளிக்கவேண்டும். ஈரத்தின்மேல் பூசிய மெழுகு அந்த ஈரத்தையே சிறைப்படுத்தும்; தடித்த மெழுகோ அடியில் பரவும் துருவைப் பார்வைக்கு மறைக்கும். எனவே வாகனத்தைச் சிறிது தொலைவு ஓட்டி, இறுக்கத்தை மறுமுறை சோதித்து, உலரவிட்ட பிறகே மெழுகிடுவதும், ஆண்டுதோறும் அதைச் சுரண்டிப் பார்ப்பதும் இம்முறையோடு சேர்ந்தே வரும் வேலைகள்.