பாலைவனப் பயணமும் எமது எழுத்தும்

பாலைவனம் எமது எழுத்தில் அடிக்கடி வருகின்ற ஒரு சொல். கவிதையில் அது தனிமைக்கு உவமை. சிறுகதையில் அது பிழைப்புத் தேடிப்போன தாயையோ கணவனையோ பிரித்து வைத்திருக்கும் தூரம். மேடைப் பேச்சில் அது பெருமானாரின் வரலாற்றுக்குப் பின்திரை. ஆனால் அந்த மணலைக் கடக்க எத்தனை நாட்களுக்குத் தண்ணீர் வேண்டும், வழி தெரிந்தவர் யார், வழி தவறினால் தேடி வருபவர் யார் என்ற கேள்விகளுக்கு, என் வாசிப்புக்கு எட்டியவரை, எமது பக்கங்களில் கிடைக்கும் பதில் மிகச் சொற்பமே.

இதற்கு மரபு சார்ந்த காரணமும் உண்டு. தமிழில் பாலை ஒரு நிலமாகப் பிறக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து கொள்ளும் நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. உமறுப் புலவரும் சீறாப்புராணத்தில் காவிய மரபை ஒட்டி அரபு நாட்டை ஆறும் வயலும் நிறைந்த நாடாகவே பாடினார். அதனை அவரது குறையாகக் கொள்வது தவறு. தமிழ் வாசகனை அரபகத்துக்கு அழைத்துச் செல்ல அவர் தேர்ந்த வழி அது. எனினும் வளைகுடாவில் எம்மவர் வாழத் தொடங்கிப் பல தசாப்தங்கள் கழிந்த பின்னரும் பாலை வெறும் மனநிலையாகவே நின்றுவிட்டதென்றால், அதை மரபின் மீது மட்டும் சுமத்த முடியாது.

இக்குறையை விளங்கிக்கொள்ள, பயணத்துக்கான ஆயத்தத்தையே பொருளாகக் கொண்ட இரு நூல்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று இப்னு பதூதாவின் றிஹ்லா. மற்றது பிரித்தானியப் படை அதிகாரியான றால்ஃப் பாக்னோல்ட் 1935 இல் வெளியிட்ட 'லிபிய மணல்கள்'.

இப்னு பதூதா எமக்கு அந்நியரல்லர். 1344 இல் புத்தளத்தில் கரையிறங்கிய அவர், ஆரியச் சக்கரவர்த்தியிடம் வேண்டியது ஒன்றே: பாவாத மலையைத் தரிசிக்க வேண்டும். எமது சப்ரகமுவையின் எல்லையில் நிற்கும் அதே மலைதான்; தோட்டத்து மக்களுக்குச் சிவனொளிபாதம். மன்னன் கொடுத்த பட்டியலை அவர் அப்படியே பதிவு செய்கிறார். ஒரு பல்லக்கு, அதைச் சுமக்க அடிமைகள், ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், அரசவை ஆட்கள் பத்துப் பேர், உணவு சுமப்போர் பதினைந்து பேர். தண்ணீரைப் பற்றி, வழியெங்கும் நிறைய உண்டு என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார். ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை காணும் இரத்தினபுரியை அறிந்த எவரும் அதற்கு மேல் எதிர்பார்க்கமாட்டார். இங்கு அவரை வருத்தியது அட்டை. அதற்காக மக்கள் எலுமிச்சையைத் தயாராக வைத்திருந்ததையும் எழுதத் தவறவில்லை.

எட்டு ஆண்டுகளின் பின், ஹிஜ்ரி 753 முஹர்ரம் முதலாம் நாள், அதாவது 1352 பெப்ரவரியில், சிஜில்மாஸாவிலிருந்து சஹாராவுக்குள் புறப்படும்போது அதே மனிதரின் எழுத்து வேறாகிறது. ஒட்டகங்களை வாங்கி நான்கு மாதங்களுக்கான தீவனத்தைச் சேர்க்கிறார். இருபத்தைந்து நாட்களில் தகாஸா. அடுத்துப் பத்து இரவுத் தொலைவுக்கு நீரற்ற வெளி. மழைக் குட்டைகள் கிடைத்தது அவரது அதிர்ஷ்டம். தாஸரஹ்லாவில் மூன்று நாள் தங்கித் தோல் துருத்திகளைச் செப்பனிட்டு, நீர் நிரப்பி, காற்று உறிஞ்சிவிடாதபடி மேலே முரட்டுத் துணி தைக்கிறார்கள்.

இதற்குப் பின் வருவதே அந்நூலின் மிகச் சிறந்த பகுதி என்பது என் கருத்து. கூட்டத்திலிருந்து ஒருவன் தனியாக வலாத்தா நகருக்கு முன்னே அனுப்பப்படுகிறான். இப்பணி செய்பவனைத் தக்ஷீஃப் என்று அழைப்பர்; அவன் மஸூஃபா குலத்தவன். பயணிகள் அங்குள்ள நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களை அவன் கொண்டு செல்கிறான். நண்பர் இல்லாதவர் நற்பெயருள்ள ஒரு வணிகருக்கு எழுதுவார். கடிதம் கிடைத்தவர்கள் நான்கு நாள் தூரம் தண்ணீருடன் எதிர்கொள்ள வருவர். தக்ஷீஃப் வழியில் இறந்தால் ஊருக்குச் செய்தி இல்லை. கூட்டம் முழுவதுமோ பெரும்பகுதியோ அழியும். அந்தப் பயணத்தில் அவனுக்குக் கொடுத்த கூலி நூறு மித்கால் பொன். ஒரு கண் குருடு, மறு கண்ணிலும் நோய். ஆயினும் அவனைப்போல் வழி அறிந்தவர் இல்லை. ஏழாம் நாள் இரவு, எதிர்கொள்ள வந்தோர் மூட்டிய தீயைக் கண்டு கூட்டம் மகிழ்கிறது. உவமை ஒன்றும் இல்லாமலே அந்தத் தீ வாசகனைத் தொடுகிறது. காரணம், அதற்கு முன் துருத்தி, கடிதம், கூலி, குருட்டுக் கண் எல்லாம் சொல்லப்பட்டுவிட்டன.

பாக்னோல்டின் நூலில் ஒட்டகத்தின் இடத்தில் ஃபோர்ட் கார். 1920களின் பிற்பகுதியிலிருந்து எகிப்தின் மேற்கே எவரும் காரில் போகத் துணியாத மணல் மேடுகளுக்குள் நண்பர்களுடன் பல நாட் பயணங்களை அவர் மேற்கொண்டார். ரேடியேட்டரில் நீர் கொதித்து ஆவியாகி வீணாகாமல், குழாய் வழியே அதை ஒரு நீர்க் கலனுக்குள் செலுத்தி மீண்டும் நீராக்கினார். காரின் இரும்பு காந்த ஊசியைக் குழப்பியதால் நிழலைக்கொண்டு திசை காட்டும் சூரியத் திசைகாட்டியைப் பயன்படுத்தினார். மணலில் புதைந்த சக்கரத்துக்கடியில் எஃகுத் தகடுகளை வைத்தார். ரயர்களின் காற்றைக் குறைத்தார். சலிப்பூட்டக்கூடிய இவ்விவரங்களை ஆவலுடன் படிக்க வைக்கும் எழுத்து அவருடையது. அந்த அறிவே 1940 இல் அவர் அமைத்த நெடுந்தூரப் பாலைவனப் படைக்கு அடித்தளமாயிற்று.

ஆயினும் அந்நூலின் துணைத் தலைப்பு அப்பாலையை 'இறந்த உலகம்' என்கிறது. மணற்கடலின் உட்பகுதியில் மனிதர் வாழவில்லை என்பது உண்மையே. ஆனால் அதே பாலைவனத்தில், 1931 ஜனவரியில் இத்தாலியர் குஃப்ராவைக் கைப்பற்றியபோது, அங்கிருந்து தப்பிய முஸ்லிம்கள் குழந்தைகளுடன் எகிப்தின் தாக்லாவை நோக்கி நடந்தார்கள். பலர் தாகத்தால் வீழ்ந்தார்கள். திட்டமிடக் காலமும் பணமும் உள்ளவனுக்குப் பாலை ஒரு பரிசோதனைக் களம். அவை இல்லாதவனுக்கு அது கபுறுஸ்தான்.

இப்னு பதூதாவும் இந்தக் கேள்விக்கு வெளியே நிற்பவரல்லர். தகாஸாவில் உப்புக் கட்டியால் வீடு, ஒட்டகத் தோலால் கூரை, உப்பு வெட்டுபவர்கள் அடிமைகள் என்று எழுதுகிறார். அடுத்து ஈக்களைப் பற்றி முறையிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். தக்ஷீஃபின் கூலியைச் சொன்னவர் அவன் பெயரைச் சொல்லவில்லை. ஆயினும் யாருடைய அறிவினால் தான் பிழைத்தேன் என்பதை அவர் மறைக்கவில்லை. பயண நூலொன்றின் நேர்மையை அளக்க இதைவிடச் சிறந்த அளவுகோலை நான் அறியேன்.

இந்த அளவுகோலை எமது பக்கம் திருப்ப வேண்டும். சப்ரகமுவைத் தோட்டங்களில் இன்று வாழ்வோரின் முன்னோர் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, வரண்ட காடுகளூடாக மலையகம் நோக்கிக் கால்நடையாக வந்தவர்கள். தாகமும் பசியும் கொலராவும் அவ்வழியில் கொன்றவர்கள் ஏராளம். அவர்களுக்கு முன்னே கடிதம் கொண்டு போன தக்ஷீஃப் இல்லை. தண்ணீருடன் எதிரே வந்தவர் இல்லை. 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மலையக மக்கள் அந்த வழியை நினைவுகூர்ந்து நடந்தார்கள். அப்பாதையின் நீர்நிலைகளையும் தங்குமிடங்களையும் நாள் வாரியாகச் சொல்லும் ஓர் இலக்கியப் பிரதி தமிழில் எழுதப்பட வேண்டியிருக்கிறது.

வளைகுடா விடயமும் இதுவே. இறக்குவானையிலிருந்தும் பலாங்கொடையிலிருந்தும் தெரணியகலையிலிருந்தும் சாரதிகளாக, சமையற்காரராக, பணிப்பெண்களாகப் போனவர்கள் எத்தனை பேர்! குளிர்காலத்தில் குவைத் குடும்பங்கள் பாலைவனத்தில் கூடாரமடித்துத் தங்கும்போது, அக்கூடாரங்களின் பின்னால் அடுப்பு மூட்டுவோரில் தென்னாசியர் அநேகர். எந்த மணலில் ரயரின் காற்றை இறக்க வேண்டும், ஒரு வண்டியில் தனித்து ஏன் போகக்கூடாது, தண்ணீரை எப்படிப் பங்கிட வேண்டும் என்ற அறிவு அவர்களிடம் இருக்கிறது. ஊர் திரும்பியவர் வீட்டுத் திண்ணையில் அதைச் சொல்கிறார். எமது கதாசிரியரோ அவரை வெறுமனே ஏங்க வைக்கிறார்.

மலையாளத்தில் பென்யாமின் 2008 இல் எழுதிய 'ஆடு ஜீவிதம்' தமிழிலும் பரவலாக வாசிக்கப்பட்டது. நஜீபின் துயரமே பலராலும் பேசப்பட்டது. அவனை மணலூடாக வழிநடத்திய இப்றாஹீம் காதிரியின் பாலையறிவு அந்நாவலில் வகிக்கும் இடம் போதிய அளவு பேசப்படவில்லை. எமது விமர்சனமும் துயரத்துக்கே மதிப்பெண் போடப் பழகிவிட்டது.

பாலைவனத்தை உவமையாக்க வேண்டாம் என்பதல்ல என் வாதம். அங்கு வண்டியோட்டிய, நீர் சுமந்த, வழி தவறி மீண்ட எம்மவர்கள் முதுமையடைந்து வருகிறார்கள். அவர்களிடம் இப்போதே சென்று கேட்க வேண்டும்: எவ்வளவு தண்ணீர் கொண்டுபோனீர்கள்? யார் வழி காட்டினார்? என்ன கூலி தந்தார்கள்? கூடவே, இப்னு பதூதா விட்டுவிட்ட அந்தக் கேள்வியையும் கேட்க வேண்டும்: வழி காட்டியவரின் பெயர் என்ன?