ஏஜெண்டுக்கு எழுதிய விளக்கக் குறிப்பு

திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவுக்குப் பவர் டில்லர் விற்க வரும் ஆளைக் கவனித்திருக்கிறீர்களா? மேட்டூர் திறந்து, நாற்றங்கால் வேலை மும்முரமாக நடக்கும்போது அவர் யாரையும் தொந்தரவு செய்யமாட்டார். சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்த பிறகே வருவார். டீக்கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், யாரைப் பார்ப்பது, யார் வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும்.

வாங்கக்கூடியவர்களை முன்கூட்டியே தேடிப் பட்டியல் போடும் இவ்வேலையை இப்போது செயற்கை நுண்ணறிவு நிரல்களிடமும் ஒப்படைக்கிறார்கள். இவற்றை ஏஜெண்டு என்றே அழைக்கிறார்கள்; நமக்கும் பழகிய சொல்தான். ஏஜெண்டின் மூளையாக இருப்பது ஒரு மொழி மாதிரி. அதற்குக் கையும் காலும் கிடையாது. பெயர்ப் பட்டியலைத் தேட ஒரு கருவி, புதிய ஆளைப் பதிவு செய்ய ஒரு கருவி, கடிதம் அனுப்ப ஒரு கருவி என்று மென்பொருள் கருவிகளை அதன் முன் வைக்கிறார்கள். ஒவ்வொரு கருவியுடனும் அதன் பெயர், அது செய்யும் வேலை, நிரப்ப வேண்டிய கட்டங்கள், அவற்றில் கட்டாயமானவை எவை என்ற சிறு விளக்கக் குறிப்பு இருக்கும். இவ்வாறு கருவிகளை இணைப்பதற்கான எம்.சி.பி. என்னும் பொது விதிமுறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. தமிழ்நாட்டில் வேரூன்றிய ஜோஹோ நிறுவனமும் 2025 ஜூலையில் தன் மொழி மாதிரியையும், ஆயத்த ஏஜெண்டுகளையும், எம்.சி.பி. வசதியையும் அறிவித்தது.

இங்கே நான் விமர்சிக்க எடுத்துக்கொண்டது கருவிகளை அல்ல, அந்தக் குறிப்புகளை. ஒரு கருவியைப் பற்றி ஏஜெண்டுக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் அந்தச் சில வரிகளே. டீக்கடை அதற்கு இல்லை.

பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜோஹோவின் வாடிக்கையாளர் மென்பொருளில் புதிய ஆளைப் பதிவு செய்யும்போது 'லாஸ்ட் நேம்', அதாவது கடைசிப் பெயர், கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம். அமெரிக்க நிறுவனமான சேல்ஸ்ஃபோர்ஸின் மென்பொருளிலும் அப்படியே. அங்கே ஆள் வேலை செய்யும் நிறுவனத்தின் பெயரும் கட்டாயம். இந்தப் பழக்கம் குடும்பப் பெயர் உள்ள நாடுகளிலிருந்து வந்தது. நம் ஊரில் கா. முருகேசன் என்றால் முருகேசன் அவர் பெயர், 'கா' அவர் தந்தை பெயரின் முதல் எழுத்து. கடைசிப் பெயர் என்று ஒன்று அவருக்கு இல்லவே இல்லை. தமிழ்நாட்டிலேயே உருவான மென்பொருளிலும் இந்தக் கட்டம் மாறாமல் நிற்பது சற்று வேடிக்கைதான்!

மனிதக் குமாஸ்தா இக்கட்டத்தைக் கண்டால், “இங்கே என்ன சார் எழுதுவது?” என்று கேட்பார். ஏஜெண்டு பெரும்பாலும் கேட்பதில்லை. கட்டாயக் கட்டம் காலியாக இருந்தால் மென்பொருள் பதிவை ஏற்காது. ஆகவே எதையாவது போட்டு நிரப்பிவிடக் கூடும். ஒருமுறை 'கா', மறுமுறை 'முருகேசன்', இன்னொரு முறை தந்தையின் முழுப்பெயர். ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுவார்; மூன்று கடிதங்கள் போகும். நிறுவனமே இல்லாத உழவருக்கு அது எந்த நிறுவனத்தைச் சூட்டுமோ! 'கட்டாயம்' என்ற ஒரு சொல்லோடு குறிப்பை முடித்தவர், தெரியாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். 'தலைப்பெழுத்தை இங்கே போடாதே. ஒரே பெயர்தான் என்றால் அதையே எழுது. பெயர் தெரியாவிட்டால் பதிவு செய்யாமல் நிறுத்து.' இவ்வளவுதான்.

இதைவிடக் கடுமையான குறை வேறொன்று. அதே ஜோஹோ மென்பொருளில் 'ஈமெயில் ஆப்ட் அவுட்' என்றொரு கட்டம் உண்டு. எனக்குக் கடிதம் வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதில் டிக் அடிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் டிக் இல்லாவிட்டால் என்ன பொருள்? சம்மதித்தார் என்பதா, அவரை யாருமே கேட்கவில்லை என்பதா? உலகில் மூன்று நிலைகள் உள்ளன. கட்டத்தில் இரண்டே உள்ளன. பட்டியலில் காலிக் கட்டத்தைக் காணும் ஏஜெண்டு அதைத் தடையில்லை என்று எடுத்துக்கொள்வது இயல்பு. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சம்மதம் என்பது ஒருவர் தாமாகவும் தெளிவாகவும் செய்த செயலால் தெரிய வேண்டும் என்கிறது. மௌனம் அதில் சேராது. (அரிசி ஆலைக்காரர் தாமே பெயர்ப்பலகையில் எழுதிவைத்த எண்ணின் கதை வேறு. அவ்வாறு தாமே பகிரங்கப்படுத்திய தகவலுக்கு அச்சட்டம் விலக்கு அளிக்கிறது.) ஆகவே எண் எங்கிருந்து வந்தது என்பதையும் கருவி சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால், சொல்லவில்லை என்பதைக் குறிப்பாவது சொல்ல வேண்டும்.

எம்.சி.பி. விதிமுறையில் ஒரு நல்ல அம்சம் உண்டு. 'இது படிப்பதற்கு மட்டும், எதையும் மாற்றாது' என்பது போன்ற அடையாளங்களைக் கருவியில் பொறிக்கலாம். கடிதம் அனுப்பும் கருவியையும் பட்டியல் பார்க்கும் கருவியையும் இது பிரித்துக் காட்டும். ஆனால் அவை வெறும் குறிப்புகளே என்றும், நம்பகமற்ற இடத்திலிருந்து வந்தால் அவற்றை நம்பக்கூடாது என்றும் அவ்விதிமுறையே எச்சரிக்கிறது. ஆக, கடிதம் புறப்படுமுன் ஒரு மனிதர் பார்த்துச் சரி சொல்ல வேண்டியிருக்கிறது. இதையும் குறிப்பில் எழுதியாக வேண்டும். எழுதினால் மட்டும் போதாது, மனிதர் சொல்லும்வரை கருவியே அனுப்ப மறுக்குமாறு அமைப்பது இன்னும் நல்லது.

மாணவ வாசகர்கள் இதைச் சோதித்துப் பார்க்கக் கணிப்பொறி தேவையில்லை. உங்கள் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டு, தமிழ்ப் பெயர்களையே கேள்விப்படாத ஒருவர் நிரப்பும்படி அதற்குக் குறிப்பு எழுதுங்கள். பிறகு அதைப் பக்கத்துப் பெஞ்சு நண்பரிடம் கொடுத்து, எழுதியிருப்பதை மட்டுமே வைத்து நிரப்பச் சொல்லுங்கள். வாய் திறந்து விளக்கக்கூடாது.