கட்டைவிரலுக்கு ஒரு வேலை, மணிக்கட்டுக்கு விடுதலை

தமிழனுக்கு ஒன்று பிடித்துவிட்டால் கோயில் கட்டாமல் ஓயமாட்டான் என்று கேலி பேசுவார்கள். பேசட்டும். நியூசிலாந்தின் ஏவன்டேல் கடைத்தெருவில், கிரேட் நார்த் ரோட்டோரம் நிற்கும் அந்த ராட்சதச் சிலந்திச் சிலைக்குப் பக்கத்தில் எனக்குக் கையகல இடம் கிடைத்தால் போதும். என் பைக்கின் வலது கிரிப்பை ஒட்டி உட்கார்ந்திருக்கும் எவர்சில்வர் வளையத்துக்கு ஒரு மாடமாவது எழுப்பிவிடுவேன்!

அந்த வளையம்தான் திராட்டில் லாக். மோட்டார் கிடையாது, வயர் கிடையாது, பேட்டரி கிடையாது, போனில் இறக்கிக்கொள்ள ஆப் கிடையாது. ஆக்சிலரேட்டரை எந்த அளவுக்கு முறுக்கி வைத்தோமோ அந்த அளவிலேயே அதை நிற்கவைக்கும். இதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. இந்த ஒரு வேலைக்காக அதைக் கொண்டாடுகிறேன் என்றால், வலது கை மரத்துப்போய் டீக்கடையில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் நின்றவர்களுக்குக் காரணம் புரியும்.

பைக் ஓட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆக்சிலரேட்டரிலிருந்து கையை எடுத்தால் அது தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். உள்ளே ஒரு ஸ்பிரிங் இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு காலத்தில் ஹார்லி-டேவிட்சன் வண்டிகளில் இது கிடையாது. முறுக்கிய இடத்திலேயே கிரிப் நிற்கும். கையை விட்டால் ஆக்சிலரேட்டர் தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்காவில் 1970களில் விதி வந்தது. உயிர் காக்கும் விதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஸ்பிரிங்கோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவது நம் வலது கை. உள்ளங்கை ஓரமாகப் போகும் அல்நார் நரம்பு அழுந்தினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். மணிக்கட்டின் நடுவே போகும் மீடியன் நரம்பு அழுந்தினால் கட்டைவிரல் பக்கம் முழுக்க ஊசி குத்தும். என்ஜின் அதிர்வும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

என்னிடம் இருப்பது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. சென்னைக்குப் பக்கத்தில் உருவாகிக் கடல் தாண்டி வந்த வண்டி. 24.5 குதிரைத்திறன், ஒற்றை சிலிண்டர். அந்த ஒற்றை சிலிண்டரின் 'டக் டக்' காதுக்கு எவ்வளவு சுகமோ, விரல்களுக்கு அவ்வளவு சோதனை. போதாக்குறைக்கு நியூசிலாந்தின் கிராமப்புறச் சாலைகள். நம்மூர் நால்வழிச் சாலை போல வழவழப்பாக இருக்காது. தார் ஊற்றி, அதன்மேல் சிறு ஜல்லியைத் தூவி, உருளையால் அழுத்திவிடும் 'சிப் சீல்' முறைதான் பெரும்பாலும். டயரின் கரகரப்பு ஹேண்டில்பார் வழியாக மணிக்கட்டுக்கு நேராக வந்து சேரும்.

இந்தப் பூட்டு மாட்டியிருப்பதை மவுன்ட் ராஸ்கிலில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர்தான் முதலில் பார்த்தார். சுசுகி வி-ஸ்ட்ரோம் ஓட்டுகிறவர்.

"தம்பி, உதென்ன கிரிப்புக்குப் பக்கத்தில மினுங்குது?"

"ஆக்சிலரேட்டரைப் பிடிச்சு நிறுத்துற சாமான், அண்ணா."

"ஐயோ! அப்ப சடாரெண்டு பிரேக் பிடிக்கேக்க என்ன செய்யிறது?"

கடையில் ஆயிரம் கேள்வி கேட்கலாம். கேட்க வேண்டிய முதல் கேள்வி அண்ணா கேட்டதுதான். எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பார்த்து யாரும் திராட்டில் லாக் வாங்கக்கூடாது. எவ்வளவு சுலபமாக விடுகிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரைப் பாருங்கள். கட்டையைக் கொடுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, சரியான நொடியில் உருவவும் தெரிய வேண்டும். அவரை நம்பித்தான் தேரே நகர்கிறது.

இந்த ஓர் உரைகல்லை வைத்துக்கொண்டு சந்தையில் இருக்கும் ஒவ்வொன்றையும் உரசிப் பார்க்கலாம்.

முதலில் மணிக்கட்டுத் தாங்கி. 'கிராம்ப் பஸ்டர்' இந்த வகைதான். கிரிப்பில் மாட்டும் ஒரு பிளாஸ்டிக் தட்டு. விரலால் இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் லேசாக அழுத்தினாலே ஆக்சிலரேட்டர் நிற்கும். விலை மலிவு, எதையும் பூட்டாது, கையை எடுத்தால் உடனே திரும்பிவிடும். கையை முழுசாக எடுக்க முடியாது என்பது மட்டுமே குறை. நெரிசலில் மெதுவாக ஊர்ந்து திரும்பும்போது உள்ளங்கை தவறுதலாகத் தட்டில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, கிரிப்பைக் கவ்விக்கொண்டு பிரேக் லீவரின் மேல் ஊன்றி நிற்கும் வகை. இதுவும் மலிவு, நொடியில் மாட்டலாம், கழற்றலாம். ஆனால் முன் பிரேக் லீவர் என் விரல்களுக்கு மட்டுமே சொந்தம் என்று நினைக்கிறவன் நான். அங்கே வேறு எதற்கும் பட்டா கொடுப்பதாக இல்லை.

மூன்றாவது, ஹேண்டில்பார் நுனியில் உட்காரும் வகை. அமெரிக்காவின் 'திராட்டில்மெய்ஸ்டர்', தென்னாப்பிரிக்காவின் 'காவ்கோ' இரண்டும் இதில் பேர்போனவை. நுனியிலிருக்கும் எடைக்குண்டின் இடத்தில் இவை அமர்ந்துகொள்ளும். திருகினால் கிரிப்பின் விளிம்பில் உராய்ந்து பிடித்துக்கொள்ளும். பார்வைக்கு வண்டியோடு பிறந்தது போலவே இருக்கும். கம்பெனி வேலைப்பாடு என்றே தோன்றும். ஹேண்டில்பார் நுனியில் கைக்காப்பு மாட்டியிருப்பவர்கள் அதற்கென்று செய்த மாடலைத்தான் தேட வேண்டும்.

நான்காவதுதான் என் குலதெய்வம்: 'அட்லஸ்'. தானும் பைக்கில் நெடுந்தூரம் போகிற டேவிட் விண்டர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்தது. கிரிப்புக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கும் நடுவே இருக்கும் சின்ன இடுக்கில் நுழைந்துகொள்ளும். இரண்டே பொத்தான்கள். ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினால் உராய்வுக் கட்டை அழுந்தி ஆக்சிலரேட்டர் நின்றுவிடும். இன்னொன்றை அழுத்தினால் விட்டுவிடும். எனக்கு உச்சி குளிர்ந்தது எங்கே தெரியுமா? பூட்டிய பிறகும் கையால் முறுக்கினால் கிரிப் இசைந்துகொடுக்கும்! வேகம் குறைக்க வேண்டுமா, சும்மா முன்னால் தள்ளினாலே போதும். பதற்றத்தில் பொத்தான் எங்கே என்று தேட வேண்டியதில்லை. உராய்வுதான் பிடிக்கிறது, கொக்கி அல்ல. அண்ணாவின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எங்கே கிடைக்கும்?

ஐந்தாவது, மின்னணு க்ரூஸ் கன்ட்ரோல். இதன் கதையே அழகு. கார்களுக்காக இதை உருவாக்கிய ரால்ஃப் டீட்டர் ஐந்து வயதிலேயே பார்வையை இழந்தவர். ஸ்டியரிங் பிடிக்க முடியாத ஒருவர் 1950இல் காப்புரிமை வாங்கினார், 1958இல் கிரைஸ்லர் கார்களில் அது வந்தது. பக்கத்து நாடான ஆஸ்திரேலியாவில் 'எம்சிக்ரூஸ்' நிறுவனம் பழைய பைக்குகளிலும் பொருத்தும்படி இதைச் செய்து கொடுக்கிறது. ஏற்றமோ இறக்கமோ வேகம் மாறாது. பிரேக்கையோ கிளட்சையோ தொட்டால் தானாக விலகிவிடும். சொகுசில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் விலையும் வேலையும் வேறு தரம். என் எளிய ஹிமாலயனுக்கு அது பட்டு வேட்டி.

கிரிப்புக்கும் நுனிக்கும் இடையில் ரப்பர் வளையத்தைச் செருகும் வித்தையும் ஒன்று உண்டு. தயவுசெய்து வேண்டாம். ரப்பர் பிடிப்பது நிச்சயம், எப்போது விடும் என்பது அதற்கே வெளிச்சம்.

மாட்டிய பிறகு நடந்ததைச் சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும்! ஞாயிறு விடியலில் ஏவன்டேல் ரேஸ்கோர்ஸில் சந்தைக்காரர்கள் கடை விரிக்கும் நேரம். சேப்பங்கிழங்கு மூட்டைகள் இறங்கிக்கொண்டிருக்க, நான் தெற்கே கிளம்பினேன். நகரத்துக்குள் பொத்தானைத் தொடவே இல்லை. இருபதாம் எண் நெடுஞ்சாலையைப் (எஸ்எச் 20) பிடித்து, மனுகாவில் ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் ஏறி, பாம்பே குன்றுகள் தாண்டியதும் தொடங்குகிறது வைக்காட்டோ எக்ஸ்பிரஸ்வே. 2022இல் ஹாமில்டன் பகுதி திறந்து முழுமையடைந்த சாலை, ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பெரும்பகுதியில் மணிக்கு 110 வரை போகலாம் என்று பலகை சொல்கிறது. என் 411 சிசி வண்டிக்கு 100 தொட்டாலே திருவிழா. இடது லேனில் நிதானமாக 95இல் வைத்து, முன்னால் நீண்ட வெற்றுச் சாலையைப் பார்த்து, கட்டைவிரலால் ஒரு அழுத்து.

கை விடுதலை! விரல்களை ஒவ்வொன்றாக விரித்தேன், மடக்கினேன். தோளை இறக்கி உதறினேன். கழுத்தோரம் குளிர் நுழைந்த ஜாக்கெட் ஜிப்பை இழுத்துவிட்டேன். அப்புறம் இன்னொரு சுகம். நம்மூர் போலவே இங்கேயும் இடதுபக்கப் பயணம், எதிரே வரும் பைக்காரர் நமக்கு வலப்பக்கம். வணக்கம் வைக்க வேண்டிய கை ஆக்சிலரேட்டரில் மாட்டிக்கொண்டிருப்பதால் தலையசைப்போடு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். டோகரோவா தாண்டி எதிரே வந்த ஒருவருக்கு வலது கையை முழுசாகத் தூக்கி ஒரு சலாம் போட்டேன் பாருங்கள், ராஜ மரியாதை!

டௌபோ ஏரிக்கரை வளைவுகளில் பூட்டை விடுவித்தேன். டுராங்கி தாண்டினால் டெசர்ட் ரோடு. நாட்டின் நெடுஞ்சாலைகளிலேயே உயரமான இடம் அங்கேதான், 1,074 மீட்டர். வலப்பக்கம் டோங்கரிரோ, நவுருஹோய், ருவாபெஹு என்று மூன்று எரிமலைகளும் வரிசை கட்டி நிற்கின்றன. நேர்ப்பாதை வரும் இடங்களில் மட்டும் பூட்டி, ருவாபெஹுவின் பனியைக் கண்ணாரப் பார்த்துக்கொண்டே போய், வையூருவில் இறங்கி, காபிக் கோப்பையை வலது கையால் வாங்கினேன். விரலில் துளி நடுக்கமில்லை!

எல்லாரும் ஒரே நாளில் இப்படித் தூரம் போக வேண்டும் என்பதில்லை. ஆனால் போகிறவர்களுக்கு உலகமே தனி. அமெரிக்காவின் அயர்ன் பட் அசோசியேஷன் தரும் 'சேடில்சோர் 1000' சான்றிதழுக்கு 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது சுமார் 1,610 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். தங்க நாற்கரச் சாலையில் நம் ஆட்களும் இதை முடித்திருக்கிறார்கள். அத்தனை தூரம் ஓட்டுகிறவருக்கு மணிக்கட்டு என்பது டயர், செயின் மாதிரி தேயும் பாகம், ஆனால் ஸ்பேர் கிடைக்காது.

இனி எச்சரிக்கை, கொஞ்சம் கண்டிப்பாகவே. இது வேகத்தைப் பார்ப்பதில்லை, ஆக்சிலரேட்டர் திறப்பை மட்டுமே பிடிக்கிறது. ஏற்றத்தில் வண்டி தொய்யும், இறக்கத்தில் ஓடும். அன்று ஏற்றங்களில் நானும் கொஞ்சம் முறுக்கிக் கொடுத்தாக வேண்டியிருந்தது. பூட்டியபடியே கிளட்சைப் பிடித்தால் சுமை விலகிய என்ஜின் அலறும். வளைவில், மழையில், பக்கக் காற்று அறையும் நாளில், முன்னால் வண்டிகள் இருக்கும்போது தொடவே கூடாது. டெசர்ட் ரோட்டில் காற்று கிளம்பினால் இரண்டு கையும் ஹேண்டில்பாரில்தான் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஓட்டுகிறவர்களுக்கு இரட்டிப்பு எச்சரிக்கை. நால்வழிச் சாலையில் எதிர்த்திசையில் வரும் டிராக்டரும், நடுத்திட்டு இடைவெளியில் திடீரென நுழையும் மொபெட்டும் நமக்குப் புதிதில்லை. திருச்சி சாலையில் பூட்டிவிட்டு ஹாயாகப் போகலாம் என்று கனவு காணாதீர்கள். வெறுமையான நேர்ப்பாதையில் கையை உதறிக்கொள்ள சில நொடி கிடைக்கும். அந்தச் சில நொடிகளே மணிக்கட்டைக் காப்பாற்றும்.

அண்ணாவும் என் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரித்தார். "நல்ல சாமான்தான், தம்பி. எண்டாலும் நான் வேலைக்குப் போய் வாற தூரத்துக்கு அந்த பிளாஸ்டிக் தட்டே காணும்." நூற்றுக்கு நூறு சரி. தினசரி வேலைக்கு மட்டும் ஓட்டுகிறவர் தட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். மாதம் ஒரு முறையாவது ஊர் தாண்டுகிறவர் உராய்வுப் பூட்டுக்குப் போகலாம். வாரம் தவறாமல் நெடுந்தூரம் போகிறவர், பணமும் இருந்தால், மின்னணுவுக்குப் போகலாம்.

எதை வாங்கினாலும் மெக்கானிக் கடையைவிட்டு நகரும் முன் என்ஜினை அணைத்து வைத்து ஒரு பரீட்சை செய்யுங்கள். பூட்டுங்கள். குளிருக்குப் போடும் தடித்த கையுறையோடு, பிரேக் லீவரில் இரண்டு விரல் இருக்க, கண்ணால் பார்க்காமல் பூட்டை விடுவியுங்கள். ஹேண்டில்பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி அதையே மறுபடி செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் ஆக்சிலரேட்டர் 'டப்' என்று மூடினால் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரே ஒரு தடவை சோம்பலாகத் திரும்பினாலும், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி, அதை மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.