குயவனை மறந்த கலம்

குடமொன்று தோன்றுதற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். நிமித்தகாரணனாவான் தன் கையால் தொழில் செய்வோனே என்றும், அத்தொழில் இல்வழிப் படைப்பு இல்லையென்றும் யாம் நெடுங்காலம் கொண்டிருந்தேம். அக்கொள்கையை ஐயுறச் செய்தது மேனாட்டுக் கலைநூலொன்றிற் கண்ட நிழற்படம்.

1917-ஆம் ஆண்டு ஏப்பிரலில் நியூயார்க்கு நகரில் தனிநிலைக் கலைஞர் கழகத்தார் ஒரு காட்சி நடத்தினர். கட்டணஞ் செலுத்தினோர் அனைவர் கலைப்பொருளும் ஆராய்ச்சியின்றி ஏற்கப்படும் என்பது அவர்தம் விதி. அக்கழக நிருவாகத்துள் ஒருவராகிய மார்சேல் டூஷாம்ப் என்னும் பிரஞ்சுக் கலைஞர், ஆடவர் சிறுநீர் கழித்தற்குச் சுவரிற் பொருத்தும் பீங்கான் கலமொன்றைக் கிடத்தி, 'ஆர். மட்' என்னும் புனைபெயர் எழுதி, 'நீரூற்று' எனத் தலைப்பிட்டு விடுத்தார் என்ப. கழகத்தார் அதனைக் காட்சியில் வைத்திலர். அவரும் கழகத்தினின்று விலகினார். கலம் பின்னர்க் காணாமற் போயிற்று. ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த நிழற்படமே எஞ்சிற்று.

முதற்கண் எமக்குத் தோன்றியது வெகுளியே. மண் அவர் குழைத்ததன்று. வடிவு அவர் கருதியதன்று. தெரிந்தெடுத்தலும், இடம்பெயர்த்தலும், பெயரிடலும் படைப்பாகுமோ? ஆகா எனக் கழிக்கப் புகுந்துழி மரபியல் நினைவிற்கு வந்தது. தொல்காப்பியனார் தொகுத்தலை வழிநூல் வகையுள் ஒன்றாக வைத்தார். பிறர் விரித்துரைத்ததைத் தொகுத்துச் சுருங்கக் கூறலும் நூல் செய்தலே என்பதன்றோ அதன் கருத்து? யாம் பணியிலிருந்த நாளில், தனிப்பாடல்களைத் தேடித் தொகுத்துக் கொணர்ந்த மாணாக்கனொருவனை, "இதனுள் நீ இயற்றியது யாது?" எனக் கடிந்தேம். அவன் பின் அப்பணியைத் தொட்டிலன். மரபியலைப் பாடஞ்சொல்லிய வாயே அங்ஙனம் கூறிற்று.

அற்றேல், தேர்ந்தார் எல்லாரும் படைத்தாரோ எனின், அற்றன்று. நிமித்தகாரணன்மாட்டு விழைவு, அறிவு, செயல் மூன்றும் வேண்டப்படும். 'நீரூற்றி'ல் முன்னிரண்டும் டூஷாம்பினுடையன, செயல் வேறொருவனது. தொகுப்போன் பாடினோர் பெயர் அறிந்தவழி அதனைப் போற்றி வைப்பான். இக்கலத்தை வனைந்தோன் பெயரை வினவுவார் இலர். 1964-இல், டூஷாம்பின் உடன்பாட்டுடன், அந்நிழற்படத்தை நோக்கி மட்கலத் தொழிலாளரைக்கொண்டு புதுப்படிகள் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று இலண்டன் டேட் காட்சிசாலைக்கு உரியது. குயவனை மறந்து புகழ்பெற்ற கலம் மீளத் தோன்றுதற்குக் குயவனே வேண்டப்பட்டான்.

ஆதலின் தேர்தல் படைப்பின் ஓர் உறுப்பு. அதுவே முழுதும் ஆகாது. உறுப்பென்பதை அம்மாணாக்கனுக்கு அன்றே கூறியிருத்தல் வேண்டும். கூறாமை எம் பிழை.