ஒலியைத் திருப்பும் கைப்பிடி

2017இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழு பற்றிய கண்காட்சி நடந்தபோது கூட்டம் அலைமோதியது. ஆனால் சளசளப்பு குறைவு. எல்லார் காதிலும் ஹெட்போன். ஒரு காட்சிப்பொருளை நெருங்கினால் அதற்குரிய பாட்டோ பேட்டியோ தானே ஒலிக்கத் தொடங்கும். இசைக்குழுவைக் காட்சிக்கு வைக்க இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

வியப்பூட்டிய பொருள் அங்கிருந்த, ஊதிப் பெருக்கிய ராட்சத வாத்தியார் பொம்மை அல்ல, ஒரு சின்னப் பெட்டி. பெயர், அசிமத் கோ-ஆர்டினேட்டர். அதிலுள்ள கைப்பிடியை எந்தப் பக்கம் சாய்க்கிறார்களோ, அந்தப் பக்கத்து ஒலிபெருக்கிக்கு ஓசை நகரும். கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்தான் மேடையில் இதை இயக்கினார். 1967 மே மாதம் லண்டன் குயின் எலிசபெத் ஹாலில் ரசிகர்களைச் சுற்றி ஒலி வலம் வந்தது இப்படித்தான். அந்த முதல் கருவி திருடுபோயிற்று. கண்ணாடிக்குள் இருந்தது பின்னர் செய்தது. எத்தனை எளிய பொறி, எவ்வளவு பெரிய கற்பனை!

குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் படித்த கேம்பிரிட்ஜ் பள்ளியின் பிரம்பும் அங்கே இருந்தது. 'தி வால்' ஆல்பத்தில் பள்ளி ஆசிரியர்கள் மீது காட்டிய கோபம் எங்கே முளைத்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

கடைசி அறையில் ஹெட்போனைக் கழற்றிவிட முடிந்தது. 2005 ஜூலை 2 அன்று ஹைட் பார்க்கில் லைவ் 8 இசை நிகழ்ச்சி மேடையில், 24 ஆண்டுப் பிரிவுக்குப் பின் குழுவினர் நால்வரும் சேர்ந்து வாசித்த 'கம்ஃபர்டப்ளி நம்' நாற்புறமும் முழங்கியது. முன்பின் தெரியாதவர்கள் தோளோடு தோள் நின்று கேட்டார்கள்.